சூரியப் புயல் செய்தி வந்தால் என்ன பார்ப்பது? புதியவர்களுக்கு ஒரு கையேடு

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பெரியம்மாவிடமிருந்து அந்தப் போன் வந்துவிடும். “ஏய்யா, இன்னைக்கு ராத்திரி பன்னெண்டரையில இருந்து மூணரை வரைக்கும் போனை அணைச்சு வைக்கணுமாமே? சூரியன்ல இருந்து என்னமோ கதிர் வருதாம். நாசா சொல்லிருக்காம்ல.”

“ராத்திரி பன்னெண்டரைக்கு சூரியன் எங்க பெரியம்மா இருக்கு?” என்று கேட்டுச் சிரித்துவிடலாம். அந்த நேரத்தில் சூரியன் அமெரிக்காவுக்கு மேலே நிற்கும். நமக்கும் அதற்கும் நடுவில் மொத்தப் பூமியும் கிடக்கும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு பாதிதான் சரி. 2024 மே மாதம் வந்த புவிகாந்தப் புயல் இருபது ஆண்டுகளில் மிகப் பெரியது. அது நம் கடிகாரப்படி இரவு 10.35 மணி வாக்கில்தான் பூமியைத் தொட்டது.

ஆக, ராத்திரியிலும் வரும். எது ராத்திரியிலும் வரும், எது பகலில் மட்டும் வரும், வந்தால் எதன்மேல் கைவைக்கும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எந்தச் செய்தியையும் பத்து நிமிடத்தில் நீங்களே எடைபோட்டுவிடலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். இணையம் உள்ள ஒரு போன், ஒரு நோட்டு, கிடைத்தால் ஒரு பழைய பைனாகுலரும் சிற்றலை பிடிக்கும் ரேடியோவும் போதும்.

முதல் படி: ஒன்றல்ல, மூன்று

‘சூரியப் புயல்’ என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஊர்த் திருவிழாவில் வெடி போடுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். முதலில் வெளிச்சம் தெரியும், அப்புறம் சத்தம் வரும், கடைசியாகக் காற்று நம் பக்கம் அடித்தால் மருந்துப் புகை வந்து சேரும். சூரியனிலும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

வெளிச்சம் என்பது சூரியச் சுடர்வெடிப்பு. சூரியனின் முகத்தில் கறுப்பாகத் தெரியும் கரும்புள்ளிக் கூட்டத்துக்கு மேலே முறுக்கேறிக் கிடக்கும் காந்தப்புலம் சட்டென்று அவிழும்போது எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் பீறிடும். ஒளியின் வேகத்தில் வருவதால் 8 நிமிடத்தில் இங்கே இருக்கும். முன்கூட்டியே எச்சரிக்கை தர வழியே இல்லை, ஏனென்றால் நமக்குத் தெரிய வரும்போதே அது வந்துவிட்டது. பகலாக இருக்கும் பாதிப் பூமியை மட்டுமே தொடும்.

சத்தத்தின் இடத்தில் வருபவை வேகமேறிய புரோட்டான்கள். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானங்களுக்கும் இது தலைவலி. தரையில் நிற்கும் நமக்கு வளிமண்டலமும் காந்தப்புலமும் குடை பிடிக்கின்றன, அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

புகைதான் முக்கியமான ஆள். சூரியனின் வெளி அடுக்கான கொரோனாவிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, கூடவே ஒரு காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வரும். ஆங்கிலப் பெயரைச் சுருக்கி சிஎம்இ என்பார்கள். வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும், அசுர வேகத்தில் கிளம்பினால் 15 மணி நேரத்திலேயே வந்துவிடும். புகை எந்தப் பக்கம் போகும் என்பது காற்றைப் பொறுத்தது என்பது போல, இந்த மேகம் பூமியின் பக்கம் வராமலே போய்விடலாம். 2012 ஜூலை 23 அன்று கிளம்பிய பிரம்மாண்டமான மேகம் பூமியின் பாதையைத்தான் கடந்தது. பூமிதான் அப்போது அங்கே இல்லை. பூமியின் காந்தப்புலத்தை உலுக்கி, மின்கட்டமைப்பையும் ஜிபிஎஸ்ஸையும் செயற்கைக்கோள்களையும் தொந்தரவு செய்து, துருவ ஒளியையும் கொளுத்திப் போடுவது இந்த மேகம்தான். இதற்கு இரவு பகல் கணக்கில்லை.

எனவே செய்தி வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மூன்றில் எது? இதைச் சொல்லாத செய்தியை அப்படியே தள்ளிவிடலாம்.

இரண்டாவது படி: கூண்டு எண்ணைப் பாருங்கள்

நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் கூண்டுக்கு யாரும் ஊரைக் காலி செய்வதில்லை. சூரியப் புயலுக்கும் அப்படி ஒரு எண் உண்டு. நோவா எனப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் விண்வெளி வானிலை மையம் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இருக்கிறது. அவர்கள் மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்: சுடர்வெடிப்பால் வரும் வானொலித் தடைக்கு ஆர், புரோட்டான்களுக்கு எஸ், மேகம் வந்து கிளப்பும் புவிகாந்தப் புயலுக்கு ஜி. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை.

சுடர்வெடிப்புக்குத் தனியாக ஏ, பி, சி, எம், எக்ஸ் என்ற எழுத்துகளும் உண்டு. ஒவ்வொரு எழுத்தும் முந்தியதைப் போல 10 மடங்கு. எம்1 என்றால் ஆர்1, எக்ஸ்1 என்றால் ஆர்3, எக்ஸ்20க்குப் போனால்தான் ஆர்5.

ஜி அளவுகோல் கேபி என்ற எண்ணிலிருந்து வருகிறது. உலகின் பல இடங்களில் உள்ள காந்தமானிகளின் ஆட்டத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கணக்கிட்டு 0 முதல் 9 வரை போடும் மார்க் அது. கேபி 5 வந்தால் ஜி1, 9 வந்தால் ஜி5.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி ஒன்றில் ஜி1 புயல் சுமார் 1,700 முறை வரும் என்று நோவாவே கணக்குத் தருகிறது. ஜி5 நான்கு முறை. ‘பூமியைத் தாக்க வரும் சூரியப் புயல்!’ என்று சிவப்பு எழுத்தில் வரும் யூடியூப் முகப்புப் படங்களில் பெரும்பாலானவை அந்த 1,700இல் ஒன்றுதான். ஜி1, ஜி2 என்றால் நான் டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஜி3 என்றால் நோட்டை எடுப்பேன். ஜி4 என்றால் அன்று தூக்கம் கொஞ்சம் குறையும்.

எண்ணோடு அந்த அறிவிப்பு எந்த வகை என்றும் பாருங்கள். மேகம் கிளம்பிவிட்டது, கணினி மாதிரிப்படி இன்ன நாள் வரலாம் என்பது ஒரு வகை. இது ஓரிரு நாள் முன்னதாக வரும், நேரம் 10, 12 மணி நேரம் முன்பின் ஆகும். வாசலுக்கு வந்துவிட்டது என்பது இரண்டாவது வகை. நடந்துகொண்டிருக்கிறது என்பது மூன்றாவது. முதல் வகையைப் படித்துவிட்டு ‘இன்று இரவு சரியாக 12.30க்கு’ என்று எழுதுகிறவருக்கு விஷயம் தெரியாது.

மூன்றாவது படி: ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்

இந்தத் துறையில் எல்லா நேரமும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும், இலங்கைக்கும் அதே கணக்குதான். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் 8 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம்தானே என்று நினைத்து ஏமாந்தவன் நான். ஒரு தடவை ‘18.00’ என்று இருந்ததை மாலை ஆறு மணி என்று எடுத்துக்கொண்டு, ரேடியோவையும் போனையும் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். கொசுக்கடிதான் மிச்சம். படுத்துத் தூங்கிய பிறகு, பதினொன்றரைக்கு, எல்லாம் நடந்து முடிந்திருந்தது. தேதி மாறுவதையும் கவனியுங்கள். யூடிசி 18.30க்கு நம் ஊரில் அடுத்த நாள் பிறந்துவிடும்.

நான்காவது படி: நடந்த புயலை வைத்துப் பழகுங்கள்

நீச்சல் பழகக் கிணற்றில் இறங்க வேண்டும். 2024 மே புயலின் பதிவுகள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. அதை நிதானமாக ஒரு முறை திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

அந்த மாதத் தொடக்கத்தில் 13664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் சில நாட்களில் வீங்கிப் பெருத்தது. குறுக்கே பூமியைப் பத்துப் பதினைந்து முறை வரிசையாக அடுக்கலாம் என்ற அளவுக்குப் போனது. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்குத் தொலைநோக்கி இல்லாமலே சூரியனில் ஒரு கறுப்புக் கீறல் தெரிந்தது.

மே 8 அன்று எக்ஸ் வகைச் சுடர்வெடிப்புகள் தொடங்கின. அடுத்தடுத்து மேகங்கள் கிளம்பின. குறைந்தது ஐந்து மேகங்களாவது பூமியை நோக்கி வருகின்றன என்று போல்டர் மையம் சொல்லி, 2005க்குப் பிறகு முதல் முறையாக ஜி4 அளவுக்கு முன்னறிவிப்பு விட்டது. முன்னால் போகும் மேகங்கள் பாதையைக் கூட்டிச் சுத்தம் செய்து வைக்க, பின்னால் வருபவை வேகம் குறையாமல் வந்து சேர்ந்துகொள்ளும். ஒரு லாரியைவிட, ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு வரும் ஐந்து லாரிகள் மோசம் என்பதுதான் இதில் விஷயம்.

மே 10, யூடிசி 06.54. எக்ஸ்3.9 அளவில் ஒரு வெடிப்பு. 5.30 கூட்டினால் பகல் 12.24, நம் உச்சிவேளை. வெளிச்சம் பகல் பக்கத்தைத்தான் தொடும் என்று சொன்னேன் அல்லவா? அப்போது நாம்தான் பகல் பக்கம். ஆர்3 அளவு வானொலித் தடை நம் தலைக்கு மேலேயே நடந்தது.

இங்கே பழைய சிற்றலை நேயர்களுக்கு ஒரு குறிப்பு. ரேடியோவில் நிலையம் மறைந்தால் உடனே சூரியன்மேல் பழி போடாதீர்கள். இரைச்சல் கூடி நிலையம் அமுங்கினால் அது பெரும்பாலும் பக்கத்து வீட்டு எல்இடி பல்பு, இல்லையென்றால் உங்கள் போன் சார்ஜர். சுடர்வெடிப்பு வேறு மாதிரி. நிலையத்தோடு சேர்ந்து வான இரைச்சலும் அடங்கிவிடும், ரேடியோவின் சொந்த ‘உஸ்’ மட்டும் மிஞ்சும். ஏரியல் கம்பியைப் பிடுங்கிவிட்டது போல ஒரு வெறுமை. வானத்தில் உயரே மின்னேற்றம் பெற்றுக் கிடக்கும் அயனி மண்டலத்தின் அடி அடுக்கு திடீரென்று தடித்து, அலைகளை விழுங்கிவிடுவதால் வரும் அமைதி அது. குறைந்த அலைவரிசைகள் முதலில் போகும், கடைசியில் திரும்பும். பண்பலை நிலையமும் உள்ளூர் மத்திய அலை நிலையமும் எதுவும் நடக்காதது போலப் பாடிக்கொண்டிருக்கும்.

சரி, வெளிச்சம் போயிற்று. புகை? அதே நாள் யூடிசி 17.05 வாக்கில் மேகத்தின் முன்விளிம்பு பூமியை மோதியது. ஒரு மணி நேரத்துக்குள் ஜி4. யூடிசி 22.54க்கு, அதாவது நமக்கு மே 11 அதிகாலை 4.24க்கு, ஜி5. 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் ஜி5. லடாக்கின் ஹன்லேயில், இந்திய வான் இயற்பியல் மையத்தின் கேமராக்களில் அடிவானம் சிவந்தது பதிவானது. துருவ ஒளி என்றால் பச்சைதானே, அங்கே மட்டும் ஏன் சிவப்பு? பச்சை 100 கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கும், ஹன்லேயிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். 200 கிலோமீட்டருக்கு மேல் ஆக்சிஜன் அணுக்கள் விடும் சிவப்பு மட்டுமே எட்டிப் பார்க்கும். கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது கலசம் மட்டும் தெரிகிற மாதிரி.

மறுபக்கம், அமெரிக்காவில் அப்போது விதைப்புக் காலம். ஜிபிஎஸ் பார்த்து நூல் பிடித்தாற்போல் ஓடும் டிராக்டர்கள் வரிசை தப்பின. பல விவசாயிகள் வேலையை நிறுத்திக் காத்திருந்தார்கள். அந்தப் புயலின் பாதிப்பில் எனக்கு மிகவும் புரியும்படியாக இருந்தது அந்தக் கோணல் விதைவரிசைதான்.

ஐந்தாவது படி: ஒரே ஒரு சிவப்புக் கோடு

எல்லாப் படியையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டரில் எல்1 என்ற புள்ளி இருக்கிறது. நம் ஆதித்யா எல்1 கூட அங்கேதான் சுற்றுகிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 2024 ஜனவரி 6 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரர், நிகர் ஷாஜி. எல்1இல் நிற்கும் செயற்கைக்கோள்கள்தான் நமக்கு ஊர் எல்லைக் காவல்காரர்கள். வரும் மேகம் முதலில் அவற்றைத் தொடும். விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நமக்கு ஒரு மணி நேரம் அவகாசம், 800 என்றால் அரை மணி நேரம்.

போல்டர் மையத்தின் தளத்தில் ‘நிகழ்நேர சூரியக் காற்று’ வரைபடத்தைத் திறந்தால் பல கோடுகள் ஓடும். மேலே உள்ள சிவப்புக் கோட்டைப் பாருங்கள். அதன் பெயர் பி-இசட். வரும் மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கிறதா, தெற்கு நோக்கி இருக்கிறதா என்பதை அது சொல்லும். பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் வடக்கு, கீழே இறங்கினால் தெற்கு.

பூமியின் காந்தப்புலம் சூரியனைப் பார்த்த பக்கத்தில் வடக்கு நோக்கி நிற்கிறது. வருவதும் வடக்கு நோக்கியே இருந்தால், எவ்வளவு வேகமாக வந்தாலும் பெரும்பாலும் உரசிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டு புலங்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், தாழ்ப்பாள் விலகும், ஆற்றல் உள்ளே கொட்டும். எத்தனையோ ‘பயங்கரப் புயல்கள்’ வந்து சேர்ந்தும் ஒன்றும் நடக்காமல் போனதற்குக் காரணம் இந்தக் கோடு பூஜ்யத்துக்கு மேலேயே நின்றதுதான். இதை முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை நம்பகமான வழி இல்லை. மேகம் எல்1ஐத் தொட்டால்தான் தெரியும். ‘சூரியப் புயல் நிச்சயம்’ என்று மூன்று நாள் முன்பே சத்தியம் செய்கிறவரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

புதியவர்களுக்கு ஒரு கணக்கு: சிவப்புக் கோடு −10 நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) கீழே மூன்று மணி நேரம் விடாமல் நின்றால் நல்ல புயல். −20 என்றால் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பலாம். 2024 மே 10 இரவு அது −50 வரைக்கும் இறங்கியது.

வந்துகொண்டிருக்கும் மேகத்தைப் படமாகப் பார்க்க ஆசைப்பட்டால் 1995இல் ஏவிய சோஹோ விண்கலத்தின் படங்களைத் தேடுங்கள். நம்மூர் மென்பொருள் நிறுவனம் இல்லை, அதற்கும் முந்தியது. நடுவில் ஒரு தட்டு சூரியனை மறைத்திருக்கும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் வளையம் போல் விரிந்தால் மேகம் நம்மை நோக்கி வருகிறது, இல்லையென்றால் நேர் எதிர்ப்பக்கம் போகிறது என்று பொருள். ஒரு பக்கமாக மட்டும் பிதுங்கினால் வேறு எங்கோ போகிறது. நம் நாட்டிலிருந்தே தகவல் வேண்டுமென்றால், கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவன வளாகத்தில் உள்ள செஸ்ஸி மையமும் சூரிய வானிலைக் கணிப்புகளை வெளியிடுகிறது.

ஆறாவது படி: நாம் இருக்கும் இடம்

துருவ ஒளியைத் தமிழ்நாட்டிலிருந்து பார்க்கலாம் என்று யாராவது படம் அனுப்பினால், அது எடிட் செய்த படம். நாம் காந்தத் துருவத்திலிருந்து வெகு தூரம். ஆனால் அதற்காக நமக்குச் சம்பந்தமே இல்லை என்றும் ஆகிவிடாது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் முதல் ராக்கெட்டை விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் இந்தக் கோடுதான் காரணம்.

இந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. புயலின் முதல் மோதல் பகலில் நடந்தால் நம் பக்கத்துக் காந்தமானிகள் மற்ற இடங்களைவிடப் பெரிதாகத் துள்ளும். சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். ஜிபிஎஸ் சமிக்ஞை அவற்றுக்குள் புகுந்து வரும்போது நட்சத்திரம் போல மினுக்கும். புயல் இந்தக் குமிழிகளைக் கிளப்பியும் விடலாம், அமுக்கியும் விடலாம். எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது அது. போனில் வழி பார்த்துப் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. செயற்கைக்கோள் கருவி வைத்து அங்குல சுத்தமாக நிலம் அளப்பவரும், வயலில் டிரோன் விட்டு மருந்து அடிப்பவரும்தான் கவனிக்க வேண்டும். பெரிய புயல் நாளில், முக்கியமாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், இருட்டிய பிறகு அந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மின்சாரம்? 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இரண்டு நிமிடத்துக்குள் மின்கட்டமைப்பு சுருண்டு விழுந்து, 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். வடக்கே உயர் அட்சரேகையில் இருப்பது ஒரு காரணம். அடியில் மின்சாரம் கடத்தாத கெட்டிப் பாறை, அதனால் தூண்டப்பட்ட மின்னோட்டம் போக்கிடம் இல்லாமல் நீளமான கம்பிகளுக்குள் புகுந்தது இன்னொரு காரணம். நம் அட்சரேகையில் அந்த அளவு ஆபத்து கிடையாது. ஆனால் பூஜ்யம் என்றும் சொல்ல மாட்டேன். 1859 செப்டம்பர் தொடக்கத்தில், ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் தன் தொலைநோக்கியில் வெடிப்பைப் பார்த்த மறுநாள், பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா விழுந்தது பதிவாகியிருக்கிறது. 2024 மே புயலில் உலகச் சராசரி விழுந்தது 400 சொச்சம். ஒரே நிலையத்தின் அளவையும் சராசரியையும் நேராக ஒப்பிடக் கூடாதுதான், இருந்தாலும் ஒரு மட்டு புரியும்.

ஏழாவது படி: சூரியனை நேரில் பாருங்கள், ஆனால் சூரியனைப் பார்க்காதீர்கள்

திரையில் பார்ப்பதோடு நின்றால் சீக்கிரம் சலித்துவிடும். கரும்புள்ளியை ஒரு முறை நீங்களே பிடித்துவிட்டால் அப்புறம் விட மாட்டீர்கள்.

வெறும் கண்ணால் கூடாது. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, தாம்பாளத்து மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்துக்கு வாங்கிய கண்ணாடி வீட்டில் கிடந்தால், முதலில் அதை ஒரு டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை, கீறல், மடிப்பு இருந்தால் வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

நான் பயன்படுத்துவது பைனாகுலர். அதன் வழியாகப் பார்ப்பதில்லை, அதை வைத்து வெள்ளைத் தாளில் சூரியனை விழ வைக்கிறேன். 10 மடங்கு பைனாகுலர் ஒன்றை ஸ்டாண்டில் கட்டுங்கள். ஒரு பக்க முன்கண்ணாடியை மூடியால் அடையுங்கள். பெரிய கண்ணாடி சூரியனைப் பார்க்க, கண் வைக்கும் பக்கத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அட்டையில் ஒட்டிய தாள். குறி பார்க்கக் கண்ணை வைக்காதீர்கள். பைனாகுலரின் நிழலைப் பாருங்கள். நிழல் எப்போது மிகச் சிறியதாகச் சுருங்குகிறதோ அப்போது சூரியன் தானாகத் தாளில் வந்து விழும். திருகிக் கூர்மையாக்கினால் சுமார் 9 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம். முதலில் ஒன்றும் தெரியாது. தாளை லேசாக ஆட்டுங்கள். தாளோடு நகர்ந்தால் அது தாளில் உள்ள அழுக்கு. வட்டத்தோடு அப்படியே நின்றால் கரும்புள்ளி. ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை மூடிபோட்டு ஆறவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே பிளாஸ்டிக் இளகிவிடும். குழந்தைகள் குனிந்து எட்டிப் பார்க்காமல் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஒரு வட்டத்தை முன்பே வரைந்து வைத்துக்கொண்டு, புள்ளிகளைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். தினமும் அதே நேரம். மூன்றாம் நாளே புள்ளிகள் நகர்ந்திருப்பது தெரியும், சூரியன் சுழல்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் இதே வேலையைப் படத்தட்டுகளில் செய்து வந்திருக்கிறார்கள். கரும்புள்ளிக்குள் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் அந்த மலையில்தான். பெரிய கூட்டம் ஒன்று வட்டத்தின் நடுவுக்கு வரும் நாட்களில்தான் செய்திகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் அதன் குறி நம்மேல்.

எட்டாவது படி: வீட்டில் செய்ய வேண்டியது

ரொம்பக் குறைவு. போனை அணைக்க வேண்டாம். மாடியில் உள்ள சோலார் பேனல் புயல் நாளில் கூடுதல் மின்சாரம் தராது, கெட்டும் போகாது. அக்னி நட்சத்திர வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2024 புயல் கத்திரி நாட்களில் வந்தது தற்செயல். வருஷத்தில் இரண்டு சீசன், மார்ச்சிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கிலும், டிடிஎச் திரையில் ‘சன் அவுட்டேஜ்’ என்று வரும். அது புயல் இல்லை. செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்பதால் சில நிமிடம் டிஷ்ஷுக்குக் கண் கூசுகிறது, அவ்வளவுதான்.

இணையம் மாதக்கணக்கில் படுத்துவிடும் என்ற கதைக்கு மட்டும் ஒரு நூலிழை உண்மை உண்டு. கடலடிக் கேபிளில் ஒளியிழைக்கு ஒன்றும் ஆகாது. வழியில் சமிக்ஞையைத் தூக்கிவிடும் கருவிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிதான் கவலை. 2021இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வாளர் இதை எழுதினார். அதையே 2023இல் ‘நாசா எச்சரிக்கை’ என்று மாற்றிப் பரப்பினார்கள். அதே ஆய்வில், நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஆசியப் பகுதிகளுக்கு ஆபத்து குறைவு என்றும் இருக்கிறது. அந்த வரியை யாரும் பார்வர்டு செய்யவில்லை.

கடைசியாக ஒரு பயிற்சிக் கணக்கு. 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவில் ஒரு பெரிய செல்போன் நிறுவனத்தின் சேவை விடியற்காலையில் படுத்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் எக்ஸ்1.7 அளவில் ஒரு வெடிப்பு. சூரியன்தான் காரணம் என்று உலகம் முழுக்கப் பரவியது. நீங்கள் இப்போது என்ன கேட்பீர்கள்? மூன்றில் எது: சுடர்வெடிப்பு. எப்போது: யூடிசி 06.32. அப்போது அமெரிக்காவில் இரவு நேரம், ஆகவே அது அவர்களைத் தொடவே இல்லை. எதைத் தொடும்: சிற்றலையை, செல்போன் கோபுரத்தை அல்ல. விசாரித்தபோது நிறுவனமே தன் வலைப்பின்னலில் செய்த தவறு என்று தெரிய வந்தது. பெரியம்மாவுக்கு இதைச் சொன்னேன். “அப்போ நாசா சொல்லலியா?” என்றார். சொல்லவில்லை பெரியம்மா.

நோட்டில் ஒரு பக்கத்தை இப்படிப் பிரியுங்கள்: தேதி, நம் நேரம், எத்தனை கூட்டம் தெரிந்தது, வெடிப்பின் எழுத்து, கேபி, பி-இசட் எவ்வளவு இறங்கியது, ரேடியோவில் என்ன. அப்படியே தினசரிக் காலண்டரில் 27 நாள் தள்ளி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற அவ்வளவு நாள் ஆகும். 13664 அப்படித்தான் சூரியனின் மறுபக்கம் போய், மே கடைசியில் 13697 என்ற புது எண்ணோடு கிழக்கு விளிம்பில் திரும்பவும் தலைகாட்டியது. வந்ததும் வராததுமாக மே 29 அன்று இன்னொரு எக்ஸ்.